பேத்திக்கு முக்குளிக்கும் சாமான் வாங்கிய கதை

என் பேத்திக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறு புதுச்சேரி வந்தால் முன்பெல்லாம் நன்றாகத் தூங்குவாள். இப்போது விடியற்காலை ஐந்தரைக்கே எழுந்து தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய், படகேறி, நடுக்கடலில் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறாள். ஸ்கூபா டைவிங். முறையாகப் பயிற்சி எடுத்து, பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம் என்ற முதல் நிலைச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். பதினெட்டு மீட்டர் என்றால் ஏறக்குறைய ஆறு மாடி உயரம். என் மருமகள் அன்று முழுக்கப் பூஜை அறையை விட்டு வரமாட்டாள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். முதுகில் இருப்பதை நாம் எல்லோரும் "ஆக்ஸிஜன் சிலிண்டர்" என்கிறோம். அதில் இருப்பது நாம் மூச்சுவிடும் இதே காற்று, அழுத்தி அடைத்தது. சுத்தமான ஆக்ஸிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரும் அபாயம் உண்டு.

சென்ற தை மாதம் அவள் ஒரு தாளை நீட்டினாள். "தாத்தா, நீங்க பர்ச்சேஸ் செக்‌ஷன்ல இருந்தவராச்சே. இதைக் கொஞ்சம் பாருங்க. சொந்தமா செட் வாங்கலாம்னு இருக்கேன்." இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது ஒரு லட்சத்து இருபதாயிரம். கடைக்காரர் ஒருவர் "ஃபுல் செட் காம்போ, ஆரம்ப நிலைக்காரர்களுக்கு" என்று ₹1,15,000-க்கு விலை கொடுத்திருந்தார். ஒரே வரி, ஒரே தொகை.

முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் பதினோரு வருஷம் நான் கொள்முதல் பிரிவில் குமாஸ்தா. மேஜை விசிறியிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரை எனக்குத் தெரியாத சாமான்களுக்கெல்லாம் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டிருக்கிறேன். சாமான் தெரியாவிட்டாலும் கேள்வி தெரிந்தால் போதும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஐட்டம் வாரியாக ரேட் எங்கே? இரண்டாவது: ரிப்பேர் யார் செய்வார்கள்? குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்று வெளியே பேசுவார்கள். தொழில்நுட்பத் தகுதியில் தேறியவர்களுக்குள் குறைந்த விலை என்பதுதான் விதி. அந்த முதல் பாதியை மறந்துவிட்டுப் பலர் அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள்.

"தனித்தனியா விலை போட்டுத் தரச் சொல்லும்மா" என்றேன். இரண்டு நாளில் வந்தது. ரெகுலேட்டர், உதிரி வாய்க்குழாய், அழுத்தமானி சேர்ந்து 48,000. மிதவை ஜாக்கெட் 32,000. கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் 22,000. முகக் கண்ணாடி, ஸ்நோர்கெல், துடுப்புக் காலணி மூன்றும் 9,000. பை 4,000. முகக் கண்ணாடிக்கு எதிரே "ஃப்ரீ சைஸ்" என்று இருந்தது. அங்கேதான் பேனாவை வைத்து ஒரு சுழி போட்டேன்.

முகத்துக்கு ஏது ஃப்ரீ சைஸ்? ரவிக்கைக்கே கிடையாதே. அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கே போனேன். மாஸ்க்கைச் சோதிக்கும் முறையை அவளுடைய பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். பட்டையை மாட்டக்கூடாது. நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிக் கையை எடுத்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. எங்கிருந்தோ காற்று புகுந்து நழுவினால் அது அந்த முகத்துக்கு ஆகாது. வாயில் வாய்க்குழாயைக் கடித்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். வாயில் ஏதாவது இருந்தால் கன்னத்தின் அமைப்பு மாறிவிடுகிறது. காம்போவில் இருந்த மாஸ்க் அவள் முகத்தில் இரண்டு விநாடி நிற்கவில்லை. ஏழாவது மாஸ்க் நின்றது. விலை 4,500. எட்டாவதாக 9,000 ரூபாயில் ஒன்று காட்டினார்கள், அது நிற்கவில்லை. கடைப் பையன் முகம் வாடிவிட்டது.

அதில் வேறு சிலவும் பார்த்தோம். ஓரம் சிலிக்கானாக இருக்க வேண்டும். மலிவானதில் பிளாஸ்டிக் வரும், அது நாளடைவில் விறைத்துவிடும். கண்ணாடியில் "டெம்பர்டு" என்று பொறித்திருக்க வேண்டும், உடைந்தாலும் கூரான சில்லாகாமல் இருக்க. மூக்கு தனி உறைக்குள் இருந்து, வெளியிலிருந்து விரலால் பிடித்து அடைக்க வர வேண்டும். கீழே இறங்க இறங்கக் காது அடைக்கும். மூக்கைப் பிடித்து ஊதித்தான் திறக்க முடியும். விமானத்தில் குழந்தைகள் அழுமே, அதே சமாசாரம்.

என் பேத்தி கண்ணாடி போடுகிறவள், மைனஸ் மூன்று. அந்த மாடலுக்குப் பவர் உள்ள கண்ணாடி மாற்றிப் போடலாம் என்று தெரிந்ததும் அதற்கு 5,000 கூடுதலாகக் கொடுத்தோம். அழுத்தமானியின் முள் தெரியாத ஆளுக்கு மற்ற எது இருந்து என்ன? புது மாஸ்க் வாங்கியதும் உட்புறக் கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். தொழிற்சாலையிலேயே ஒரு மெல்லிய படலம் படிந்திருக்குமாம். அது போகாவிட்டால் பனி படிந்துகொண்டே இருக்கும். இந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். என் பேரன்மாருக்கு சிலேட்டுத் துடைத்துக் கொடுத்த கை.

இடையில் என் தங்கை மகன் ஒரு யோசனை சொன்னான். முகம் முழுவதையும் மூடுகிற மாஸ்க் வந்திருக்கிறதே, மூக்காலேயே மூச்சு விடலாமே என்று. டெகத்லான் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக் கம்பெனிதான், 2014-இல் கொண்டுவந்தார்கள். அது தண்ணீர் மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்ப்பதற்கு. அதைப் போட்டால் மூக்கைப் பிடிக்க முடியாது, வாயில் ரெகுலேட்டரை வைக்க முடியாது. சிலிண்டரோடு இறங்குவதற்கு அது உதவாது.

இனி ரெகுலேட்டர். இதைப் பற்றித்தான் கொஞ்சம் நிறைய எழுத ஆசை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளியில் ஒரு நாள் திரை கட்டி எங்களுக்கு ஒரு படம் காட்டினார்கள். கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த "லெ மோந்த் துய் சிலான்ஸ்", அதாவது மௌன உலகம். 1956-இல் கான் விழாவில் முதல் பரிசு வாங்கிய படம். கடலைத் தினமும் பார்க்கிற பிள்ளைகள் நாங்கள். அதன் உட்பக்கத்தை அன்றுதான் பார்த்தோம். பேத்தியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "மௌனம் எங்க தாத்தா? மூச்சு விட்டா குமிழிச் சத்தம் காதை அடைக்கும்."

கூஸ்தோ கடற்படை அதிகாரி. கருவியைச் செய்து கொடுத்தவர் எமில் கஞான் என்ற இஞ்சினியர், ஏர் லிக்கித் என்ற வாயுக் கம்பெனியில் வேலை. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. மோட்டார் காரைக் காஸில் ஓட்ட அவர் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதைத்தான் மாற்றி மனிதன் மூச்சுக்குப் பொருத்தினார்கள். மார்ன் நதியில் முதல் சோதனை சரியாக வரவில்லை. மூச்சு வெளியேறும் துவாரமும் உள்ளே வரும் வால்வும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததால், ஆள் நேராக நின்றால் காற்று வீணாகக் கொட்டியது, தலைகீழானால் வர மறுத்தது. இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்ததும் சரியாயிற்று. 1943 கோடையில் தெற்கு பிரான்ஸ் கடலில் கூஸ்தோ அதை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

பிரெஞ்சில் ரெகுலேட்டருக்கு "தெத்தாந்தேர்" என்று பெயர். இறுக்கத்தைத் தளர்த்துவது என்று பொருள். நம் வீட்டு காஸ் சிலிண்டர் தலையில் வைக்கிறோமே, அதற்கும் அங்கே இதே பெயர்தான். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம். அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 200 மடங்கு. நேராக வாயில் விட்டால் நுரையீரல் தாங்குமா? சிலிண்டர் தலையில் இருக்கும் முதல் பகுதி அதைப் பத்து பார் அளவுக்குக் குறைக்கிறது. வாயில் இருக்கும் இரண்டாம் பகுதி, நாம் உறிஞ்சும்போது மட்டும், அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தருகிறது. சமையலறை ரெகுலேட்டர் போய்விட்டால் சோறு வேகாது. இது போனால் என்ன ஆகும் என்று மருமகள் என்னிடம் கேட்டாள். நல்ல ரெகுலேட்டர்கள் பழுதானால் அடைத்துக்கொள்ளாமல் காற்றைக் கொட்டும்படியாகத்தான் அமைத்திருக்கிறார்கள், கூட இறங்குபவரிடம் உதிரி வாய்க்குழாய் இருக்கும் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல முடியாது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு மலிவு வந்தது. ஊருக்குத் திரும்பும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தன் ரெகுலேட்டரும் ஜாக்கெட்டும் சேர்த்து 25,000-க்குத் தருவதாக யாரோ சொன்னார்கள். பேத்திக்குக் கண் பளிச்சென்றது. நானும் கூடப் போனேன். நல்ல மனிதர், நல்ல காப்பி கொடுத்தார். கையேடு பிரெஞ்சில் இருந்தது. அவர் முன்னாலேயே வாசித்தேன். வருஷத்துக்கு ஒரு முறை பிரித்துச் சுத்தம் செய்து ரப்பர் வளையங்கள் மாற்ற வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. சர்வீஸ் செய்த கடைசிச் சீட்டு நான்கு வருஷத்துக்கு முந்தியது. "அதன் பிறகு அதிகம் உபயோகிக்கவில்லை" என்றார். சும்மா கிடந்தாலும் ரப்பர் கெடும். நம் முழங்காலைக் கேளுங்கள்.

பேத்தி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிலிண்டரில் மாட்டும் வாயை மூடிவிட்டு வாய்க்குழாயில் உறிஞ்சினால் காற்று வரக்கூடாது, வரவில்லை, நல்லது. குழாய்களை வளைத்துப் பார்த்தாள். உலோகப் பூண் இருக்கும் இடத்தில் ஒரு குழாயில் முடிபோல் வெடிப்பு. பிறகு சிலிண்டரோடு சேரும் இடத்தில் உள்ள சிறு வடிகட்டியை டார்ச் அடித்துக் காட்டினாள். பச்சை. நம் வீட்டுக் குத்துவிளக்கில் ஏறுமே, அதே களிம்பு. கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பழுப்பாக இருந்தால் இரும்பு சிலிண்டரின் துரு, கறுப்பாக இருந்தால் காற்றடைக்கும் கம்ப்ரஸரின் கரி என்று வைத்துக்கொள்ளலாமாம்.

இன்னொன்றும் இருந்தது. அந்த ரெகுலேட்டர் திருகி உள்ளே இறக்கும் டின் வகை. இவள் போகும் படகுகளில் உள்ள சிலிண்டர்களுக்கு மேலிருந்து கவ்விப் பிடிக்கும் யோக் வகைதான் பொருந்தும். அடாப்டர் கிடைக்கும், தனிச் செலவு. சென்னையில் சர்வீஸ் செய்பவரிடம் போனில் மாடல் பெயரைச் சொன்னோம். அதற்கான ரப்பர் செட் தன்னிடம் வராது என்றார். அதோடு எழுந்துவிட்டோம். 25,000 மலிவுதான். அதைத் திறந்து மூட இங்கே ஆள் இல்லாவிட்டால் பித்தளை விலைக்குத்தான் பெறும்.

அப்படியானால் புதிதாக 48,000 கொடுத்து வாங்கிவிடலாமா? பேத்தி தயார். நான் கணக்குப் போட்டேன். வருஷத்தில் அவள் கடலுக்குப் போவது பதினைந்து நாள். மழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பு, தண்ணீர் கலங்கல். மற்றபடி ஆபீஸ் விடவேண்டும். ரெகுலேட்டரும் ஜாக்கெட்டும் சொந்தமாகக் கொண்டுவந்தால் நாளொன்றுக்கு 800 ரூபாய் குறைத்துக்கொள்வார்கள். ஆக வருஷத்துக்கு 12,000 மிச்சம். இரண்டுக்கும் சர்வீஸ் செலவு வருஷம் 6,000 என்று சென்னையில் சொன்னார்கள். நிகர மிச்சம் 6,000. போடும் முதல் 80,000. பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும் முதல் திரும்ப.

"அதுக்குள்ள நீ பாட்டியாயிடுவே" என்றாள் என் மனைவி.

பணத்தை மட்டும் பார்த்தால் அங்கேயே முடிந்திருக்கும். மருமகள் வேறு பக்கத்திலிருந்து வந்தாள். "மாமா, வாடகை சாமான் யார் யார் வாயில வெச்சதோ. எப்ப பிரிச்சுப் பார்த்தாங்களோ. உசிரு போற சாமான்ல கணக்கு பார்க்கணுமா?" நியாயமான கேள்வி. ஆனால் சொந்தமாக இருந்தால் பத்திரம், வாடகை என்றால் ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. வருஷம் தவறாமல் பிரித்துச் சுத்தம் செய்த வாடகை ரெகுலேட்டர், பீரோவில் மூன்று வருஷம் தூங்கிய சொந்த ரெகுலேட்டரைவிட நம்பத்தக்கது. எனவே டைவிங் நிலையத்துக்குப் போய், வாடகை ரெகுலேட்டர்களின் சர்வீஸ் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பொறுப்பாளர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு எடுத்து வந்தார். ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, மாற்றிய பாகம், கையெழுத்து. ஒழுங்கான ரெஜிஸ்டர். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. கொடுக்கத் தயங்கியிருந்தால் பேத்தியைப் படகு மாற்றச் சொல்லியிருப்பேன்.

சிலிண்டர் வாங்கும் யோசனையே வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து தோளில் தேதி பொறிக்க வேண்டும். வருஷா வருஷம் உள்ளே பார்க்க வேண்டும். வெடிபொருள் இலாகாவின் விதிகள் வேறு. ஈயக் குண்டுகளும் வாடகையில் வரும்.

கம்ப்யூட்டரில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. கோலி சோடாவைத் திறந்தால் பொங்குவது ஏன் என்று நினைத்துப் பாருங்கள். அழுத்தத்தில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் விட்டதும் குமிழியாக வெளியேறுகிறது. ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் அப்படித்தான் உடம்பில் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் இரத்தத்திலும் மூட்டிலும் குமிழி. எத்தனை மீட்டரில் எத்தனை நிமிஷம் இருந்தோம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம், மேலேறும் வேகம் அதிகமா என்பதை அந்தச் சின்ன மணிக்கட்டுக் கருவி கணக்கு வைத்துச் சொல்கிறது. வாடகைக் கம்ப்யூட்டரில் காலையில் வேறு ஒருவர் இறங்கிய கணக்கு இருக்கும். அவளுடைய உடம்பின் கணக்கு அவளுடைய கருவியில்தான் இருக்க வேண்டும். காம்போவில் இருந்ததில் பேட்டரி மாற்றக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். நாமே பேட்டரி மாற்றக்கூடிய, எழுத்து பெரிதாகத் தெரிகிற ஒன்றை 26,000-க்கு வாங்கினோம். இந்த ஒரு சாமானுக்கு அதிக விலைக்காரரை நான் சிபாரிசு செய்தேன், காரணம் எழுதி.

துடுப்புக் காலணி வெறுங்காலில் மாட்டும் வகை, 4,000. படகிலிருந்து இறங்குகிறவளுக்கு அது போதும். பாறையில் நடந்து இறங்குகிறவர்களுக்குத்தான் குதிகால் திறந்த வகையும் உள்காலணியும் தேவை. 3 மில்லிமீட்டர் நியோப்ரீன் சட்டை 6,500. நம் கடலில் குளிர் அதிகமில்லை என்றாலும் ஜெல்லி மீன் உண்டு. நம் மீனவர்கள் சொறி என்பார்கள், பெயரே சொல்லும். தண்ணீருக்கடியிலிருந்து மேலே அனுப்பும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாயும் நூல் சுருளும் 4,000. மீன்பிடிப் படகுகள் ஓடும் கடலில் தலை நிமிர்த்துவதற்கு முன்னால் இது நிமிர வேண்டும். ஒரு விசிலும், அறுந்து மிதக்கும் வலையில் சிக்கினால் அறுக்க ஒரு சின்ன வெட்டுக்கருவியும் 1,500. இந்தக் கடைசி இரண்டும் காம்போவில் இல்லவே இல்லை. பை 4,000 என்று போட இடமிருந்தது.

மொத்தம் ₹51,500. மீதி 68,500 வங்கியில் இருக்கிறது. அவளுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். படம் எடுத்துப் போட ஒரு செட்டாக இருந்தால் அழகு என்று நினைத்திருப்பாள். இப்போது வாடகை ரெகுலேட்டரில் ஒவ்வொரு வகையாகக் கேட்டு வாங்கி மூச்சுவிட்டுப் பார்க்கிறாள். ஆழத்தில் எது இலகுவாக இழுக்கிறது, எது கடினம் என்று ஒரு நோட்டில் எழுதுகிறாள். கடையில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அவள் டைவ் முடித்து வந்தால் மாடியில் எனக்கு வேலை. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நல்ல தண்ணீர் பிடித்து எல்லாவற்றையும் ஊறவைத்து, அலசி, நிழலில் காயப்போட வேண்டும். வெயிலில் போட்டால் நியோப்ரீன் பாழ். எதிர் வீட்டு நண்பர் அந்தக் கறுப்புச் சட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன சார், மாடியில ஆள் தொங்குதே" என்று பதறி ஓடி வந்தார்.

வருகிற சித்திரையில் நாற்பது டைவ் முடித்துவிடுவாள். அதன் பிறகு ரெகுலேட்டர் வாங்கலாம் என்று பேச்சு. மூன்று கொட்டேஷன் வரவழைத்திருக்கிறாள். இரண்டில் சர்வீஸ் எங்கே, என்ன கட்டணம், உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்று இருக்கிறது. மூன்றாவதுதான் விலை குறைவு. அதில் அந்தப் பத்தி காலி. நிரப்பி அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டோம்.